மகரக்கட்டும் ராஜபார்ட்டும்: ‘காவியத் தலைவன்’ திரைப்படமும் பாலர் நாடகசபை வரலாறும்

முன்னுரை

வசந்தபாலன் இயக்கத்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘காவியத் தலைவன்’, ஒரே நாடகக்குழுவில் வளரும் காளியப்பன், கோமதிநாயகம் என்னும் இரு நடிகர்களின் கதையாகும். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், சங்கரதாஸ் சுவாமிகள் ஆகியோரின் சாயல்களை அதன் பாத்திரங்களில் காணலாம். நாடக வரலாற்றுக்குத் துணைச்சான்றாக இத்தகைய படங்களைக் கொள்ளும்போது, இளம் நடிகனின் வாழ்வை உண்மையில் எது தீர்மானித்தது என்னும் வினா எழுகிறது. இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

பாலர் சபையின் தோற்றம்

வயதுவந்த நடிகர்கள் பாடத்தை மீறித் தம் விருப்பப்படி பேசியும் பாடியும் வந்த சூழலில், கட்டுப்பாட்டுக்கு உட்படும் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் முறை வலுப்பெற்றது. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பட்டது. 1912இல் பிறந்த தி.க. சண்முகம் அவ்வாண்டே தம் தமையன்மாருடன் அதில் சேர்ந்தார். அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஓரிரவில் எழுதினார் என்பர். நாடக ஆசிரியரின் எழுத்தே ஒரு சிறுவனின் குரலையும் நினைவாற்றலையும் நம்பி அமைந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

குரலும் வேடமும்

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டும் உச்சத் தொனியே நடிகனின் முதல். பருவ வயதில் குரல் உடைவதை நாடகக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்றனர். அது வந்ததும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் வேடங்கள் கைநழுவக்கூடும். சிறுவன் தான் செய்த பிழை எதுவுமின்றியே சிறுவேடத்திற்கு இறங்க நேரும். சிலர் குழுவைவிட்டே விலக நேரும்.

திரைப்படத்திலோ, ராஜபார்ட் யாருக்கு என்பதைக் குருவான சிவதாஸ் சுவாமிகள் இருவரையும் நடிக்கச் செய்து முடிவுசெய்கிறார். சூரபத்மன் வேடத்தில் காளி வெல்ல, கோமதியின் பொறாமை கதையை நகர்த்துகிறது. வளர்ந்த ஆடவர் இருவரின் போட்டியாகக் கதை அமைவதால், சிறுவனின் உடல்வளர்ச்சியே அவனது தொழிலுக்கு அச்சுறுத்தலாக இருந்த நிலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இரு வாழ்க்கைகள்

சிறுவயதிலேயே மேடையேறிய கிட்டப்பாவின் உச்சக்குரல் வாலிபத்திலும் நிலைத்தது. அவர் புகழின் அடிப்படை அதுவே. 1933இல் 27 வயதில் அவர் மறைந்தார். சண்முகமோ குரலை மட்டும் நம்பாது நடிப்பால் நிலைபெற்றார். முப்பது வயதில் முதிய ஔவையாராக நடித்து ‘ஔவை சண்முகம்’ ஆனார். சகோதரர்களுடன் 1925இல் தொடங்கிய சொந்த நாடகசபை அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது. கூலிக்கு நடித்த எண்ணற்ற சிறுவர்களுக்கு அத்தகைய பிடிமானம் இருக்கவில்லை.

முடிவுரை

‘காவியத் தலைவன்’ குருகுலக் கட்டுப்பாட்டையும் மேடையின் கவர்ச்சியையும் நம் கண்முன் நிறுத்துகிறது. ஆயினும், ஒரு தொழில்முறை விளைவித்த நெருக்கடியை அது தனிமனிதப் பகையாக மாற்றிவிடுகிறது. ஆகவே இப்படத்தைச் சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ போன்ற தன்வரலாறுகளுடன் இணைத்துக் கற்பிப்பதே பொருத்தமாகும். பாலர் சபைகளின் வரலாறு வென்ற ராஜபார்ட் நடிகர்களின் வரலாறு மட்டுமன்று. குரல் உடைந்த நாளில் மேடையிழந்த சிறுவர்களின் வரலாறும் ஆகும்.