உழுதழித்த பருத்தியும் உழவர்க்கு வந்த பணமும்

பயிரிடுவதற்கு அரசு உழவர்க்குப் பணம் கொடுப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கமே. வளர்ந்து நின்ற பயிரை அழிப்பதற்கும் ஓர் அரசு பணம் கொடுத்தது. 1933ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிகழ்ந்த செய்தி அது.

1929இல் ஓர் இறாத்தல் பருத்தி ஏறத்தாழ 17 அமெரிக்கக் காசுக்கு விற்றது. 1931இல் அது 6 காசுக்கும் கீழே இறங்கிற்று. விளைச்சல் மிகுதியே விலைவீழ்ச்சிக்குக் காரணம் எனக் கருதிய ரூசுவெல்ட் அரசு, 1933 மே 12ஆம் நாள் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்குள் பருத்தி விதைக்கப்பட்டுவிட்டது. எனவே ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தி உழுது புதைக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஏக்கருக்கு 7 முதல் 20 டாலர் வரை வழங்கப்பட்டது. செடியை மிதியாமல் நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், செடிகளின்மேல் கலப்பையை இழுக்க மறுத்து நின்றன என்பர்.

பணம் வந்தது, ஆயின் யார் கைக்கு வந்தது? அதனை அறிய ஆர்க்கன்சா மாநிலத்தின் பாயின்செட் மாவட்டத்தை நோக்குதல் வேண்டும். அங்கே நிலத்தில் பாடுபட்டோருள் பெரும்பாலோர் வாரக்குடிகள். நிலமும் விதையும் ஏரும் உடையவருடையவை, உழைப்பு குடியினுடையது, விளைவில் பாதி அவனுக்கு. அறுவடை வரை வேண்டிய மாவும் உப்பும் உடையவரின் கடையிலேயே கடனுக்கு வாங்குவான். ஆண்டிறுதியில் கணக்குத் தீர்த்தால் கையில் மிஞ்சுவது அரிது. நம் நாட்டுத் தோட்டக் கடைக் கணக்கை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

1934, 1935ஆம் ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில், பயிரிடாது விட்ட நிலத்திற்கு இறாத்தலுக்கு மூன்றரைக் காசு வாடகையாக உடையவருக்கே சேர்ந்தது. மேலும் ஒரு காசு மட்டும் இருவர்க்கும் பங்கிடப்பட்டது. ஆக, இறாத்தலுக்கு உடையவர் பெற்றது நான்கு காசு; வாரக்குடி பெற்றது அரைக் காசு. குடியைக் கூலியாளாக மாற்றிவிட்டால் அந்த அரைக் காசும் மிச்சம். "இயன்ற அளவு" குடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாகாது என்று ஏழாம் பிரிவு கூறிற்று. இயலுமா இயலாதா என்று தீர்ப்பளித்த உள்ளூர்க் குழுக்களிலோ நிலவுடைமையாளரே மேலோங்கி இருந்தனர்! வேலியே பயிரை மேய்ந்தது. (அதே 1934இல் மலாயாவில் இரப்பர் உற்பத்திக் கட்டுப்பாடு மீண்டும் வந்தபோது, பங்கீட்டில் தாழ்த்தி மதிக்கப்பட்டவர்கள் சிறுதோட்டக்காரர்களே.)

குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 சூலையில் டைரன்சா ஊருக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடினர். இரு நிறத்தார்க்கும் தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி எழுந்தது. ஒன்றே போதும் என முடிவாயிற்று. தென் குத்தகை உழவர் சங்கம் இவ்வாறு பிறந்தது. அக்காலத் தென்னாட்டில் அம்முடிவு எத்துணைத் துணிவுடையது என்பதைப் பின்னர் அவர்கள் பட்ட அடியும் சிறையும் காட்டின.

வாசிங்டனில் சட்டப் பிரிவினர் சிலர், அதே குடிகளையே நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என ஏழாம் பிரிவுக்குப் பொருள் கூறினர். 1935 பிப்ரவரியில் அவர்களுள் பலர் பதவி இழந்தனர். நிலைமையை ஆராய அனுப்பப்பட்ட வழக்கறிஞர் மேரி கானர் மையர்சின் அறிக்கையும் வெளியிடப்படவில்லை.

1936 சனவரி 6ஆம் நாள், இத்திட்டத்திற்குப் பணம் திரட்டிய ஆலை வரி செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தளரவில்லை, மண்வளப் பாதுகாப்பு என்னும் பெயரில் அதே ஆண்டில் வேறொரு சட்டம் வழி உதவித்தொகை தொடர்ந்தது. அப்பணத்தைக் கொண்டு உடையவர் பலர் டிராக்டர் வாங்கினர். வாரக்குடிகள் கூலிக்கும், பின்னர் வடநகரங்களுக்கும் போயினர்.

சங்கத்தைத் தொடங்கியவர்களுள் மிட்சல் துணி வெளுக்கும் கடையும், ஈசுட்டு பெட்ரோல் நிலையமும் டைரன்சாவில் நடத்தி வந்தனர். அடுத்தடுத்து அமைந்த அக்கட்டடங்களில் 2006இல் குத்தகை உழவர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.