லிஃப்ட் தூக்கவில்லையா? அதற்குப் பின்னால் ஒரு வழக்கு

பழைய ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் கலப்பை எழவில்லை என்றால் முதலில் பி.டி.ஓ. லீவரைப் பாருங்கள். அது விடுபட்டிருந்தால் பம்பே சுற்றாது. அடுத்து எண்ணெய். கியர்பாக்ஸுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். மூன்றாவது, பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் வால்வு. அது ஒட்டிக்கொண்டாலும் தகராறுதான்.

அந்த வால்வுக்காகக் கோர்ட்டே ஏறியிருக்கிறார்கள்! 1938-இல் ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் செய்தார்கள் (எழுத்தில் ஒன்றும் கிடையாது). ஃபோர்டின் பேரன் அதை முறித்துக்கொண்டு, 1947-இல் அதே மாதிரி லிஃப்ட்டோடு தனி டிராக்டர் விட்டார். ஃபெர்குசன் கேட்டது 25 கோடி டாலர்; 1952-இல் கைக்கு வந்தது 92.5 லட்சம். ஆனால் அந்த வால்வு முறையை ஃபோர்டு கைவிட வேண்டியதாயிற்று. எனக்கென்னவோ பணத்தைவிட அதுதான் பெரிய வெற்றி.

1953-இல் ஃபெர்குசன் கம்பெனி மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. 1960-இல் தொடங்கிய டாஃபே, நம்ம சென்னை செம்பியத்திலேயே மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தது.