மென்பொருளை அளந்தவர்கள்

1970களில் நிரலாளரின் உழைப்பை மதிப்பிட நிரல் வரிகளின் கணக்குதான் வழக்கில் இருந்தது. ஒரே வேலையை அசெம்ப்ளரில் எழுதினால் வரிகள் பெருகும், கோபோல் மொழியில் எழுதினால் சுருங்கும். அந்தக் கணக்கின்படி நல்ல மொழியில் நறுக்கென்று முடித்தவர் குறைவாக உழைத்தவர் ஆனார். அந்த அநியாயத்தைக் களையப் புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், மென்பொருளை அளக்கும் நாம்.

1979 அக்டோபரில் கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் நடந்த கருத்தரங்கில், ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் ஆல்பிரெக்ட் ஒரு கட்டுரை படித்தார். முடிந்திருந்த 22 திட்டங்களை எடுத்துக்கொண்டு, நிரலாளர் எத்தனை வரி எழுதினார் என்பதை விட்டுவிட்டு, பயனர் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று பார்த்தார். உள்ளீட்டுக்கு 4, வெளியீட்டுக்கு 5, வினவலுக்கு 4, முதன்மைக் கோப்புக்கு 10 என எடை வைத்துக் கூட்டினார். ஃபங்ஷன் பாயின்ட் என்னும் அளவு பிறந்த கதை இதுதான். இன்று எளிதாகத் தோன்றும் இந்தக் கூட்டலுக்கு அன்று பெருந்துணிச்சல் வேண்டியிருந்தது.

1986இல் இஃப்பக் என்னும் பன்னாட்டுப் பயனர் அமைப்பு உருவாகி, எண்ணும் விதிகளைக் கையேடாக்கிப் பாதுகாத்தது. இரண்டே ஆண்டுகளில், ஐபிஎம் சூழலில் பிறந்த எடைகள் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று இங்கிலாந்தின் சார்லஸ் சைமன்ஸ் கேட்டு, மார்க் டூ முறையை முன்வைத்தார். 1989இல் நெதர்லாந்திலும் இந்த அளவீட்டுக்கென ஒரு சங்கம் எழுந்தது.

1990களின் சோதனை வேறு வகையானது. தொலைபேசி இணைப்பகம், இயந்திரக் கட்டுப்பாடு போன்ற நிகழ்நேர மென்பொருள்களுக்கு, அலுவலக மென்பொருளை மனத்தில் வைத்து எழுந்த இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மான்ட்ரியாலில் அலென் அப்ரானும் தோழர்களும் 1997இல் இதற்கென ஒரு விரிவான முறையை வெளியிட்டனர். 1998இல் இத்தகைய அளவீட்டு முறைகளுக்கான ஐஎஸ்ஓ 14143 பன்னாட்டுத் தரத்தின் முதற்பகுதி வந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அப்ரானும் சைமன்ஸும் கைகோத்து காஸ்மிக் அமைப்பைத் தொடங்கினர். தன் பெயர் சொல்லும் முறை ஒன்று இருக்கும்போதே, பொதுமுறைக்காகச் சைமன்ஸ் உழைக்க வந்தார். இந்த மலரில் முதலில் பதியவேண்டிய தியாகம் அது என்றே கருதுகிறேன்.

காஸ்மிக் முறையில் எடைப் பட்டியல் கிடையாது. தரவின் அசைவுகள் நான்கு: என்ட்ரி, எக்ஸிட், ரீட், ரைட். அசைவு ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. நம்மவர்கள் பாடம் சொல்லக் கையாளும் ரைஸ் குக்கரையே பாருங்கள். கடிகாரத் துடிப்பு வருவது ஒரு என்ட்ரி. வெப்பமானி சூட்டைச் சொல்வது இன்னொரு என்ட்ரி. எட்டவேண்டிய சூடு எவ்வளவு என்று நினைவகத்தில் பார்ப்பது ரீட். சூடேற்றிக்குக் கட்டளை போவது எக்ஸிட். ஆக 4 புள்ளிகள். சோறு வேகும் அந்தக் கணக்கையும் சம்பளப் பட்டியலின் கணக்கையும் ஒரே கோலால் அளக்க முடிந்தது.

2003இல் காஸ்மிக் முறை ஐஎஸ்ஓ 19761 ஆயிற்று. இஃப்பக், மார்க் டூ, நெதர்லாந்து, பின்லாந்து முறைகளும் அந்தப் பத்தாண்டிலேயே பன்னாட்டுத் தரங்களாயின. 2020இல் காஸ்மிக் கையேட்டின் 5.0 பதிப்பு வந்தது. தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து காஸ்மிக் கையேடுகளை ஸ்பானியம், சீனம், ஜப்பானியம், துருக்கியம் எனப் பல மொழிகளில் மொழிபெயர்த்து, காசு வாங்காமல் உலகுக்கு வழங்கியிருக்கிறார்கள்.