இன்ஜினுக்கு வந்த இருமலும் உலகம் குடித்த விஷமும்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. நாலு மாதமாக மேம்பாலம் ஏறும்போதெல்லாம் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆயில் மாற்றினார், பிளக் மாற்றினார், ம்ஹூம். கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் வந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பேரிங் போயிருந்தா கனமா 'டொக்கு டொக்கு'ன்னு அடிக்கும் தம்பி. இது ஏத்தத்துல மட்டும்தான் வருது. டைமிங் முந்தி இருக்கு" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பினார். சத்தம் போயே போச்சு! பத்து நிமிட வேலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதே சத்தத்துக்குக் காரணம் தேடி ஒரு காலத்தில் பெரிய பெரிய தலைகளே முடியைப் பிய்த்துக்கொண்டன.

1912-ல் காடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். இன்ஜின் தட்டியபோது பழி அவருடைய பேட்டரி இக்னிஷன் மேல் விழுந்தது. 1916-ல் தன்னிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லியிடம் இதை ஆராயச் சொன்னார். பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். மிட்ஜ்லி அளந்து பார்த்தால், அழுத்தம் எகிறுவது பொறிக்குப் பிறகு! தீ பரவி வந்து சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் இதே முடிவுக்கு வந்தார்.

ஆக, நோய் தெரிந்துவிட்டது. மருந்து?

எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் இருந்தால் நன்றாக எரியும் என்று ஒரு யோசனை. கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. தட்டல் குறைந்தது! வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை :) பிறகு ஒவ்வொரு பொருளாகச் சோதித்து, 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பிடித்தார்கள். துளியூண்டு போதும், சத்தம் நிற்கும். 1923-ல் விற்பனைக்கும் வந்துவிட்டது.

ஈயம் விஷம் என்பது அப்போதே ஊரறிந்த விஷயம். மிட்ஜ்லியே ஈய பாதிப்பால் 1923-ல் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் 5 தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அதே மாதம் பத்திரிகையாளர்கள் முன்னால் மிட்ஜ்லி அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார்! 1925-ல் விற்பனை நின்றது. 1926-ல் மறுபடியும் ஆரம்பித்தது.

எத்தனால் கலந்தாலும் தட்டல் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். 1920-லேயே அப்படி ஒரு கலவைக்கு மிட்ஜ்லி காப்புரிமை கேட்டிருந்தார்.

பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன்தான் பிறகு மணி அடித்தார். தன் ஆய்வுக்கூடத்தில் எதைத் தொட்டாலும் ஈயமாக இருந்ததைப் பார்த்து, 1965-ல் இது மனிதன் பரப்பிய ஈயம் என்று எழுதினார். எண்ணெய், ஈயக் கம்பெனிகளின் எதிர்ப்பைத் தாங்கி நின்றார். இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-ல் நின்றது. கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-ல்தான்! அதுவரை எத்தனை குழந்தைகளின் மூளைக்குள் அந்தப் புகை போயிருக்கும்?

இன்று நம் பங்குகளில் ஊற்றும் பெட்ரோலில் கலந்திருப்பது அதே எத்தனால்தான். நூறு வருஷம் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம்.

பெரியப்பா கார் இப்போது சத்தமில்லாமல் மேம்பாலம் ஏறுகிறது. சத்தம் நின்றால் மட்டும் போதுமா, எதைக் கொடுத்து நிறுத்தினோம் என்றும் பார்க்க வேண்டாமா?