குழந்தைப் பையின் வரலாறு: பழைய வேட்டியில் இருந்து 16 பொருள் பெட்டகம் வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், அம்மா, அக்கா, அக்காவின் 8 மாதப் பையன், நாலு பேரும் செங்கல்பட்டில் பஸ் ஏறி மாமல்லபுரம் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நம்ம ஹீரோ தன் வேலையைக் காட்டிவிட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள். "பையைக் குடுடா."

எந்தப் பை?

வீட்டு வாசலில், செருப்பு ஸ்டாண்டு மேலே, நான் பத்திரமாக வைத்துவிட்டு வந்த பை!

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தன் இடுப்பில் இருந்த துண்டை உருவி, "இதச் சுத்தும்மா, பருத்தித் துணிதான்" என்று நீட்டினார். பல்லவர் தலைநகரத் துறைமுகத்தில் எங்கள் இளவரசர் ஒரு காசித் துண்டோடு வந்து இறங்கினார்.

அர்ச்சுனன் தபசுக்கு அருகே ஒரு குரங்குக் குடும்பச் சிலை உண்டு, பார்த்திருப்பீர்கள். ஆண் குரங்கு பேன் பார்க்கிறது, பெண் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அதற்குப் பை தேவையில்லை. மனிதக் குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சாமான்? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் பாட்டியிடம் கேட்டேன். "பையா? மூட்டைதான்" என்றார். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள் பத்துப் பன்னிரண்டு. புதுத்துணி உறுத்தும், பலமுறை துவைத்த துணிதான் பிஞ்சு உடம்புக்கு ஆகும். தூளி கட்ட ஒரு நூல் புடவை. எண்ணெய் பாட்டில், பால் புகட்டும் சங்கு, வசம்பு, மை டப்பா. எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடங்கிவிடும். போகிற ஊரில் மரக்கிளையோ உத்தரமோ இருந்தால் தூளி தயார். மாமல்லபுரம் கடற்கரையில் மணிமாலை விற்கும் நரிக்குறவர் பெண்கள் குழந்தையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பை, தொட்டில், வண்டி மூன்றும் ஒரே துணி.

இந்த மூட்டைக்குள் வெளிநாட்டுச் சரக்கும் ஒன்று நுழைந்தது. கிரைப் வாட்டர்! 1851ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் தயாரித்தது. அந்தக் காலக் கலவையில் ஆல்கஹாலும் இருந்தது என்று படித்தபோது, குழந்தைகள் ஏன் அமைதியாகத் தூங்கின என்று புரிந்தது :-) இப்போதோ முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில். ஈரத்துணி மாற்றி அலுத்துப்போன மரியன் டோனவன் என்ற தாய், 1940களில் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து ஈரம் வெளியே கசியாத ஒரு மேலுறை செய்தார். 1951ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அது துணியை மூடும் உறைதான், தூக்கிப் போடும் டயப்பர் அல்ல. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக் குழந்தையின் துணி மாற்றும் வேலை பிடிக்காமல் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பார்கள். 1961ல் பாம்பர்ஸ் சந்தைக்கு வந்தது.

பி.காம் படிப்பவன் என்பதால் கணக்குப் புத்தியில் யோசித்தேன். வேட்டித் துணி மூலதனச் செலவு. ஒருமுறை போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். டயப்பர் வருவாய்ச் செலவு. இன்று வாங்கி இன்றே குப்பைக்குப் போகும். அப்படிப் பார்த்தால் துணிதான் லாபம் என்று அக்காவிடம் சொன்னேன். "துவைக்கிற கூலிய எந்தப் பக்கம் எழுதுவ?" என்று கேட்டாள். பதில் இல்லை. பாட்டி, அம்மா காலத்துக் கணக்கில் அந்தப் பதிவே விட்டுப்போயிருக்கிறது.

ஆனால் குப்பைக் கணக்கும் விட்டுப்போகக்கூடாது. டயப்பருக்குள் பிளாஸ்டிக்கும் இருக்கிறது. 2016ல் வந்த திடக்கழிவு விதிகள், டயப்பர் நிறுவனங்கள் அதைச் சுற்றிப் போட உறையும் சேர்த்துத் தர வேண்டும் என்றன. கடற்கரை மணலில் அலை புரட்டிப் போட்ட டயப்பர்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு அரசாங்கமே குழந்தைப் பையைக் கட்டிக் கொடுத்தால்?

பின்லாந்து செய்தது. 1930களில் அங்கே வறுமையும் சிசு மரணமும் அதிகம். 1937ல் சட்டம் கொண்டுவந்து, 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கு உதவி கொடுத்தார்கள். துணிமணி நிறைந்த பெட்டி, அந்தப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. 1949ல் எல்லாத் தாய்மார்களுக்கும் என்று விரித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கர்ப்பத்தின் 4 மாதம் முடிவதற்குள் மருத்துவரையோ மகப்பேறு மையத்தையோ பார்த்திருக்க வேண்டும். பெட்டி பரிசு மாதிரித் தெரிந்தாலும், நோக்கம் தாயை மருத்துவமனைக்கு வரவைப்பது.

நம்ம ஊரில் 2015 செப்டம்பரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய திட்டம் அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு, சுமார் 1000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை, தாய்க்குக் குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம், இவை எல்லாவற்றையும் போட ஒரு பை.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். பால் பாட்டில் கிடையாது! மறந்துவிடவில்லை. தாய்ப்பாலைக் காக்க வந்த 1992ஆம் ஆண்டு மத்திய சட்டம் புட்டிப்பாலையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதற்கும் இலவசமாகத் தருவதற்கும் தடை போட்டிருக்கிறது. அதே 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன.

பட்டியலில் இருக்கிற ஒன்றையும் கவனியுங்கள். கை கழுவும் திரவம். 1847ல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். பிரசவ வார்டில் தாய்மார்கள் சாவது சட்டென்று குறைந்தது. ஆனாலும் பல மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை.

இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், அம்மாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தானாம். பதினோரு நாள் இருந்தானாம். வீட்டில்தான் பிரசவம். "திருஷ்டின்னு சொன்னாங்க. மை வச்சேன், வசம்பு கட்டினேன். எல்லாம் வச்சிருந்தேன்டா மூட்டையில. கைய கழுவச் சொல்லி யாரும் சொல்லல."

இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இப்படி ஒரு மாமா எனக்கு இருந்தது தெரியாது. அந்தச் சாவுக்கு உண்மையில் என்ன காரணம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2020ல் தமிழ்நாட்டில் 1000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 13 என்ற கணக்கை, அதற்குப் பிறகு வெறும் எண்ணாக என்னால் படிக்க முடியவில்லை.

அக்காவின் இப்போதைய கணக்கு இது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டயப்பர், மேலே இரண்டு உபரி. மாற்றுச் சட்டை 2, பருத்தித் துண்டு 2, கீழே விரிக்க ஒரு ரப்பர் ஷீட், தொப்பி, அழுக்கைப் போட ஒரு தனிக் கவர், சோப்பு. பஸ்ஸில் அந்தப் பாட்டி கொடுத்த துண்டும் துவைத்து உள்ளே இருக்கிறது. திருப்பித் தர வழியில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை.

பை மட்டும் இப்போது செருப்பு ஸ்டாண்டு மேலே இருப்பதில்லை. கிளம்பும்போது முதல் ஆளாக என் தோளில் ஏறிவிடுகிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அந்தப் பையை யார் தூக்குகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.