கோட்டை அரசின் தந்தப் பேழைகள்

கோட்டை அரசின் தந்தப் பேழைகள் என்பவை 16-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோட்டை இராச்சியத்தில் செதுக்கப்பட்டு, போர்த்துக்கல் அரச குடும்பத்துக்குச் சென்ற கலைப்பொருள்கள் ஆகும். இவற்றுள் ஏறத்தாழ ஒன்பது இன்று அறியப்படுகின்றன. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால அரசர்கள் விரும்பிச் சேர்த்த அரும்பொருள்களில் இவையும் அடங்கும்.

சிலுவையும் கப்பலும்

அக்காலத்தில் போர்த்துக்கல் அரசரே கிறித்து வீரத்துறவியர் சபையின் தலைவர். கலைக்கப்பட்ட கோவில் வீரர் சபையின் போர்த்துக்கல் சொத்துகளைக் கொண்டு 1319-இல் இச்சபை தோன்றியது. கீழ்த்திசைக்கு வந்த கப்பல்களின் பாய்களில் இதன் செஞ்சிலுவையே தீட்டப்பட்டிருந்தது. கடல் கடந்த நாடுகளில் சமயப் பணியை மேற்பார்க்கும் உரிமையும் இதற்கு இருந்தது. 1551-இல் திருத்தந்தை இதன் தலைமைப் பொறுப்பைப் போர்த்துக்கல் முடியுடன் நிலையாக இணைத்தார். எனவே அந்த அரசருடன் செய்யும் வணிக உடன்பாட்டின் பின்னால் சமயமும் படையும் நின்றன.

சோழமண்டலக் கரையும் இந்த வலைக்குள் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் குடியேறினர். அங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 எனக் கூறப்படுகிறது. பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் பழவேற்காட்டுத் துறையில் விற்கப்பட்டதைப் போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா குறித்துள்ளார். டச்சுக்காரர் அங்கு கெல்திரியா கோட்டையைக் கட்டியது அதன் பின்னர், 1613-இல்.

பொற்சிலைக்கு முடிசூட்டல்

1521-இல் தந்தை விஜயபாகு கொல்லப்பட்டபின் அவருடைய மூன்று மக்கள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். மூத்தவரான ஏழாம் புவனேகபாகு கோட்டையை ஆண்டார். இளையவரான மாயாதுன்னை சீதாவாக்கையிலிருந்து அண்ணனை நெருக்கினார். புவனேகபாகுவுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலனே அடுத்த அரசன் என்பதை உறுதிசெய்ய அவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்.

பேரனின் உருவில் செய்த பொற்சிலையுடன் ஒரு தூதுக்குழு லிசுபன் சென்றது. 1540-களின் தொடக்கத்தில் மூன்றாம் யோவான் மன்னர் அச்சிலைக்கு முடிசூட்டி, தர்மபாலனின் உரிமையை ஏற்றார். குழந்தை இலங்கையிலேயே இருந்தது. முடி ஏறியது சிலையின் தலையில்.

பேழைகளின் கலை

இந்த முடிசூட்டுக் காட்சியைத் தாங்கிய பேழை செருமனியின் மியூனிக் நகர அரண்மனைக் கருவூலத்தில் உள்ளது. பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்த இப்பேழை 16-ஆம் நூற்றாண்டிலேயே பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்டின் சேகரிப்பைச் சேர்ந்தது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள ராபின்சன் பேழையில் இயேசுவின் மூதாதையரைக் காட்டும் ஈசாயின் மரம் செதுக்கப்பட்டுள்ளது. பாரிசில் அச்சான செபநூல் ஒன்றின் படம் இதற்கு முன்மாதிரி. ஐரோப்பிய அச்சுப் படத்தைப் பார்த்துச் செதுக்கிய சிற்பிகள் தங்கள் மரபைக் கைவிடவில்லை. நம் கோவில் தூண்களில் காணும் யாளி, அன்னம், பூக்கொடி ஆகியவை பேழைகளிலும் இடம்பெற்றன.

பரிசுக்குக் கிடைத்த பயன்

1551-இல் களனியில் இருந்த புவனேகபாகு போர்த்துக்கீசியப் படைவீரன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு வந்த அரசப் பிரதிநிதி நொரோஞ்ஞா, அரண்மனைச் செல்வத்தைத் தேடிச் சூறையாடினார். நண்பருக்கு விரும்பி அனுப்பிய பரிசு ஒருபுறம். அதே நண்பரின் ஆட்கள் பறித்துச் சென்ற செல்வம் மறுபுறம். இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகளே.

தர்மபாலன் 1557-இல் திருமுழுக்குப் பெற்று தொம் யோவான் ஆனார். இதனால் பௌத்தக் குடிகளின் ஆதரவை இழந்தார். 1565-இல் கோட்டை நகரம் கைவிடப்பட்டது; அவர் கொழும்பில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பில் வாழ்ந்தார். 1580-இல் தமக்குப் பின் நாடு போர்த்துக்கல் அரசருக்கே என எழுதிக்கொடுத்தார், 1597-இல் மறைந்தார். யாழ்ப்பாண அரசும் 1619-இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது.

பேரனின் அரியணையைக் காக்கப் பாட்டனார் அனுப்பிய பொற்சிலை இன்று இல்லை. அந்த அரியணையும் இல்லை. முடிசூட்டிய காட்சி மட்டும் தந்தத்தில் நிலைத்துள்ளது. இப்பேழைகளைக் கலைப்பொருளாக மட்டுமன்றி, வலிமை குறைந்த அரசு ஒன்று எழுதிய விண்ணப்பமாகவும் படிக்க வேண்டும்.