பிஸ்கட் டின்னுக்குள் 786

பதுளை முஸ்லிம்களின் வரலாற்றைத் தேடுவோர் பள்ளிவாசல் பதிவேடு, காணி உறுதி, மீஸான் கல் என்றே போவது வழக்கம். எனக்குக் கிடைத்தது ஒரு பிஸ்கட் டின். பசறை வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த வாப்பா, இலக்கத்தில் 786 விழுந்த ரூபாய்த் தாள்களை அதற்குள் போட்டு வந்தார்.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெறுமானம் வைப்பது அப்ஜத் கணக்கு. அதன்படி பிஸ்மியின் நான்கு சொற்களும் முறையே 102, 66, 329, 289 ஆகும், கூட்டினால் 786. திருவசனம் எழுதிய கடதாசி காலில் மிதிபடக்கூடாதே என்ற பயத்தில், கணக்குக் கொப்பியின் தலைப்பிலும் கலியாணக் கடிதத்திலும் நம்மவர்கள் இலக்கத்தை எழுதினார்கள். இலக்கம் பிஸ்மிக்கு ஈடாகாது என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். வாப்பாவும் வாயால் பிஸ்மி சொல்லித்தான் லாச்சியைத் திறப்பார். தாள் பரக்கத்துக்கு, அவ்வளவுதான்.

நமது தாள்களில் ஓர் எழுத்தும் எண்ணும் முன்னால் வர, பின்னால் ஆறு இலக்கம் இருக்கும். ஆறு இலக்கத்தில் எழுதக்கூடிய பத்து இலட்சம் எண்களில் 3,999இல் 786 எங்காவது வந்துவிடும். ஏறக்குறைய 250 தாளுக்கு ஒன்று. 000786, 786786 போன்றவைதான் உண்மையில் அருமை. சம்பள நாளில் தோட்டத்துக்குப் புதுக்கட்டு வந்தால், தொடர் இலக்கங்கள் லயம் லயமாகப் பிரிந்துபோய், பின்னேரம் கடன் தீர்க்க எங்கள் கடையில் மறுபடி ஒன்றுகூடும். தோட்டத்துச் சனங்களுக்கும் இது பழகிப்போனது. "நானா, இது ஒங்க நம்பர்தானே?" என்று அவர்களே எடுத்து நீட்டுவார்கள்.

தாள் காசை நம்ப முடியாமற் போன காலமும் இந்த மலைநாட்டுக்கு உண்டு. கோப்பிப் பயிர் நோயில் அழிய, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி கதவைச் சாத்தியது. அதன் தாள்களுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கப் பொறுப்பு ஏற்றார். அடுத்த ஆண்டு அரசாங்கமே தாள் வெளியிடத் தொடங்கியது. 1886இல் ஊவாவைத் தனி மாகாணமாக்கியதும் அதே கோர்டன்தான்.

வாப்பாவுக்கு அடி விழுந்தது 1970இல். நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவையாக்கினார். கையில் வைத்திருந்தவர்கள் வங்கியில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கடைக் காசு முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்த வாப்பா, டின்னில் இருந்த ஓர் ஐம்பது ரூபாயை மட்டும் கொடுக்கவில்லை. "பரக்கத்தைக் கொண்டுபோய் பேங்க்ல குடுக்கிறதா?" என்றாராம். உம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் கோபம் வரும் அவருக்கு. அந்தக் காசில் ஒரு மாதம் அடுப்பெரிந்திருக்கும்.

வாப்பா மௌத்தான பின் டின் என்னிடம் வந்தது. ஒவ்வொரு தாளோடும் ஒரு துண்டுக் கடதாசி மடித்து வைத்திருந்தார். எனக்கு அப்போது சேகரிப்புப் பைத்தியம். தாள்களை அல்பத்தில் அடுக்கிவிட்டு, துண்டுகளைக் குப்பையில் போட்டேன்! தாளுக்குப் பெறுமதி இலக்கத்தாலும் மடிப்பில்லாமல் இருப்பதாலும் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து, ஐந்து, இரண்டு ரூபாய்த் தாள்கள் இன்று வரிசையாக இருக்கின்றன; எந்தத் தோட்டத்திலிருந்து, யார் கையிலிருந்து வந்தவை என்று சொல்ல ஒன்றுமில்லை.

தப்பியது அந்த ஐம்பது ரூபாயின் துண்டு மட்டும். பசையால் ஒட்டியிருந்ததால் கழற்ற முடியவில்லை. அதில் வாப்பாவின் கையெழுத்தில் இருப்பது இவ்வளவு: "சீட்டுக் காசு. மேல்லயத்து ஆச்சி தந்தது. கடன் வெட்டியாச்சு. இந்தியா போறா."

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. போகுமுன் கடைக்கடனைத் தீர்த்துவிட்டுப் போன ஒரு கிழவியைப் பற்றி என்னிடம் உள்ள ஒரே எழுத்து, செல்லாத ஒரு தாளின் முதுகில் இருக்கிறது. குப்பையில் போட்ட துண்டுகளில் இப்படி எத்தனை பேர் இருந்தார்களோ.

போன வருஷம் கொழும்பில் ஒரு தாள் வியாபாரியிடம் அதைக் காட்டினேன். பசை பட்டதால் விலை போகாது, நீராவியில் கழற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று வாங்கிக்கொண்டு, இரவு ரயிலிலேயே பதுளைக்குத் திரும்பிவிட்டேன்.